பத்தியம் கேட்காத நோய்

என் அக்கா வீட்டுக்காரர் குளிர்கிடங்கில் வேலை பார்த்தவர். மீன், பட்டாணி, ஐஸ்கிரீம், கோழி என்று பெட்டி பெட்டியாக உறைய வைத்து அடுக்கியிருக்கும் பெரிய கொட்டகை அது. உள்ளே எப்போதும் மைனஸ் பதினெட்டு. அங்கே ஃபோர்க்லிஃப்ட் ஓட்டி, பெட்டிகளை மேல் அடுக்கில் ஏற்றுவதும் இறக்குவதும் அத்தானின் தொழில். கடையில் யாராவது உறைந்த பட்டாணி வாங்கினால், "அது எங்க வீட்டுக்காரர் கைபட்டு வந்ததுதான்" என்று அக்கா பெருமை பேசுவாள். பட்டாணிக்கு இவ்வளவு மரியாதையா என்று நான் வம்புக்கு இழுப்பேன். நான் பள்ளி வேன் ஓட்டுகிறவள், எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

அந்தக் கிடங்குக்குள் நுழைய மூன்று கதவு. முதல் கதவு தாண்டினால் கோட்டு, இரட்டைக் கையுறை, கம்பளிக் குல்லாய் மாட்டுகிற இடம். இரண்டாவதைத் தாண்டினால் சூட்டறை. ஒரு பெஞ்சு, ஒரு ஹீட்டர், கெட்டிலில் எந்நேரமும் வெந்நீர். மூன்றாவது கதவுக்குப் பின்னால்தான் குளிர். உள்ளே ஒரு மணி நேரம் இருந்தால் வெளியே வந்து சூட்டறையில் கால் மணி நேரம் உட்கார வேண்டும் என்பது சட்டம். சட்டம் சுவரில் ஒட்டியிருந்தது, ஆட்கள் மனசில் ஒட்டவில்லை. சூட்டறைக்கு அடிக்கடி ஓடுகிறவனை அங்கே யாரும் ஆளாக மதிக்க மாட்டார்கள். நடுங்காமல் நிற்கிறவன்தான் கெட்டிக்காரன். அந்தக் கணக்கில் அத்தான்தான் ராஜா. எல்லாரும் அவரைப் பனிக்கரடி என்றே கூப்பிட்டார்கள். அவருக்கும் அது உள்ளூர இனித்தது.

அந்தப் பனிக்கரடிக்கு வீட்டில் குளிர ஆரம்பித்தது. நாங்கள் எல்லாம் விசிறிக்கு அடியில் உட்கார்ந்திருக்கும்போது அவர் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சாப்பிடும்போதே தட்டின் முன்னால் தலை தொங்கும். குரல் கரகரத்தது. முழங்கையில் தோல் மாவு மாதிரி உதிர்ந்தது. ஒரு கேள்வி கேட்டால் பதில் வருவதற்குள் நாம் வேறு வேலை பார்த்துவிட்டு வரலாம். வயசாகிறது, சோம்பேறித்தனம் என்று அக்கா முதலில் திட்டித் தீர்த்தாள். வேலையில் சூட்டறைக்கு ஓடுவதைச் சகாக்கள் பார்த்துவிட்டார்கள் என்பதுதான் அத்தானுக்கு நோயைவிடப் பெரிய அவமானமாக இருந்தது. பனிக்கரடிக்கு ஜலதோஷமா என்று கேட்டுச் சிரித்தார்களாம்.

கிளினிக்கில் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, தைராய்டு சுரப்பு ரொம்பக் குறைவு என்றார் டாக்டர். தினம் காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை, தண்ணீரோடு மட்டும். அதன் பிறகு ஒரு மணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாது. ஆயுசுக்கும் நிறுத்தக் கூடாது. சில வாரம் கழித்து மறுபடி ரத்தம் பார்க்கணும். இவ்வளவுதான் அவர் சொன்னது. சாப்பாட்டில் என்னென்ன ஒதுக்கணும் என்று அக்கா கேட்டதற்கு, பெரிதாக ஒன்றும் இல்லை, வழக்கம்போல சாப்பிடலாம் என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

அக்காவுக்கு அது பிடிக்கவே இல்லை. பஸ்ஸில் என்னோடு திரும்பி வரும் வழியெல்லாம் புலம்பிக்கொண்டே வந்தாள்.

"பத்தியம் இல்லாத வியாதி ஏதாவது உண்டாடி? இந்த ஆளுக்கு ஒண்ணும் தெரியல. வாயைக் கட்டாம எந்த நோய் போயிருக்கு?"

அக்காவைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். அவள் ஒரு பள்ளிக்கூடத்தில் அட்டெண்டர். மணி அடிப்பது அவள்தான். ஹெட்மாஸ்டர் கடிகாரத்தைப் பார்க்க மாட்டார், அக்கா அடிக்கும் மணியைக் கேட்டுக் கடிகாரத்தைத் திருத்துவார். எங்கள் அம்மா சீக்கிரம் போய்விட்டதால் என்னை வளர்த்ததும் அவள்தான். ஒரு வேலையை ஏற்றுக்கொண்டால் உயிரைக் கொடுத்துச் செய்வாள். அத்தானின் நோயை அவள் ஏற்றுக்கொண்டாள்.

பத்தியத்துக்கு ஆலோசனை சொல்ல மாடிவீட்டுக்காரி இருந்தாள். அந்த அம்மாள் எதையும் விற்கவில்லை, யாரிடமும் காசு வாங்கவில்லை, சும்மாவே கெடுக்கக்கூடிய அளவுக்கு நல்லவள். ஃபோனில் பார்ப்பதையெல்லாம் படி இறங்கி வந்து சொல்லிவிட்டுப் போவாள். முதலில் முட்டைக்கோஸ் போயிற்று. கூடவே காலிஃபிளவர், முள்ளங்கி, வேர்க்கடலை. பிறகு பால் ஆகாது என்றாள், பால் போயிற்று. முட்டை சூடு என்றாள், முட்டை போயிற்று. சர்க்கரை விஷம் என்றாள், அதுவும் போயிற்று. கடைசியில் தட்டில் மிச்சம் இருந்தது தட்டு மட்டும்தான். கோஸ் பொரியலுக்கு உயிரை விடுகிற மனுஷன் அத்தான். அதையும் விட்டார். அவள் வைத்ததைத் தின்றார்.

ஒதுக்கியதற்கு ஈடாக அக்கா ஒன்று கண்டுபிடித்தாள். விடியற்காலை அத்தான் ஷிஃப்டுக்குக் கிளம்பும் முன் ஒரு கிண்ணம் கஞ்சி. பசும்பாலுக்குப் பதில் சோயாப் பால். வயிறு இளகத் தவிடு, ஏனென்றால் அந்த நோயில் வயிறும் கட்டிக்கொள்ளும். உடம்பு தேற, மருந்துக் கடையில் வாங்கிய டின் பவுடர் ரெண்டு ஸ்பூன். சுண்ணாம்புச் சத்தும் இரும்புச் சத்தும் கலந்தது என்று டின்னின் மேல் பெரிய எழுத்தில் போட்டிருக்கும். இத்தனையும் நல்ல பொருள்தான். எதைத் தனியாக எடுத்தாலும் குற்றம் சொல்ல முடியாது.

அத்தானுக்கு மாத்திரை விழுங்க வராது. தொண்டையில் வைத்தாலே குமட்டும், கண்ணில் தண்ணீர் வரும். சின்ன வயசில் எனக்கும் அப்படித்தான், அப்போது அக்கா மாத்திரையை நசுக்கித் தேனில் குழைத்துக் கொடுப்பாள். அதே கைப்பழக்கம் இப்போது திரும்பி வந்தது. மாத்திரையை ஸ்பூனால் நசுக்கிக் கஞ்சியில் கலக்கினாள். ஒரு மணி நேரம் காத்திருக்கச் சொன்னதெல்லாம் வீட்டில் சும்மா இருக்கிறவர்களுக்கு, ஷிஃப்டுக்கு ஓடுகிறவனுக்கு அது எப்படி ஒத்துவரும் என்றாள். டாக்டர்கள் சாப்பாட்டுக்கு முன்னால் பின்னால் என்று ஏதாவது சொல்லத்தான் செய்வார்கள் என்று நானும் தலையாட்டினேன்.

வாசிக்கிறவர்களைக் காக்க வைத்து விளையாட எனக்குப் பிடிக்காது, அதனால் இப்போதே சொல்லிவிடுகிறேன். அந்தக் கிண்ணம்தான் அவரைத் தின்றது. ஒதுக்கி வைத்த கோஸும் முள்ளங்கியும் ஒரு பாவமும் அறியாதவை. அது எங்களுக்குத் தெரிய ஒரு வருஷம் ஆயிற்று. அந்த வருஷம் முழுக்க அக்கா ஒரு நாளும் தவறாமல், மணி அடிப்பதுபோலவே, அந்தக் கிண்ணத்தை அவர் கையில் கொடுத்தாள். அடியில் ஒட்டியிருப்பதையும் வழித்துச் சாப்பிடச் சொல்லிப் பக்கத்திலேயே நிற்பாள், மாத்திரை அடியில் தங்கிவிடக் கூடாதே என்று.

மறுபடி ரத்தம் பார்க்கப் போனபோது அளவு முன்னைவிட மோசமாக இருந்தது. டாக்டர் மாத்திரையைக் கூட்டி எழுதினார். எழுதிக்கொண்டே, ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா, நடுவில் விட்டுவிடுகிறாரா என்று கேட்டார். அவர் எல்லாரிடமும் கேட்கிற கேள்வி அது. அக்காவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. என் கையால் கொடுக்கிறேன், என்னைப் பொய்க்காரி என்கிறாரா என்று வெளியே வந்து பொரிந்தாள். அன்றோடு அந்தக் கிளினிக் வாசலை அவள் மிதிக்கவில்லை. சீட்டைக் காட்டி மருந்துக் கடையில் மாத்திரை மட்டும் வாங்கி வந்தாள். எப்படிக் கொடுக்கிறீர்கள் என்று அவரும் கேட்கவில்லை, இவளும் சொல்லவில்லை.

மழைக்காலம் வந்தது. அத்தானின் முகம் உப்பியது. கண் இமைகள் தடித்து, தூங்கி எழுந்த முகம் நாள் முழுக்க அப்படியே இருந்தது. சதை போடுகிறது, பத்தியம் பிடிக்கிறது என்றாள் மாடிவீட்டுக்காரி. அக்காவும் அப்படித்தான் நம்ப விரும்பினாள். எனக்கு மட்டும் அந்த முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது. ஒருநாள் என் வேனில் அவரை ஏற்றிக்கொண்டு போனேன். வழியெல்லாம் ஏதேதோ பேசினேன். இறங்கும் இடம் வந்தபோதுதான், ஏறிய உடனே நான் கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னார். அதுவும் பாதி. மீதி வார்த்தை ஞாபகம் வராமல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். பின்னால் வண்டிகள் ஹாரன் அடித்தன. அவருக்கு அது கேட்டதாகவே தெரியவில்லை.

அக்காவிடம் சொன்னேன். வேறு டாக்டரிடம் காட்டலாம் என்றேன். அவள் என்னை முறைத்துப் பார்த்தாள்.

"நான் பாத்துக்கறது போதலையா உனக்கு?"

அதற்கு மேல் அவளிடம் பேச முடியாது. என்னை வளர்த்தவளிடம் உன் வளர்ப்பில் குறை என்று எந்த வாயால் சொல்வது?

பிறகுதான் அந்த நல்ல சேதி வந்தது. அதை நல்ல சேதி என்றுதான் அப்போது நம்பினோம். அத்தான் குளிருகிறது என்று சொல்வதை நிறுத்திவிட்டார். ஸ்வெட்டர் கேட்கவில்லை. போர்வையைத் தேடவில்லை. கிடங்கில் சூட்டறைக்குப் போவதையே விட்டுவிட்டாராம். அவரோடு ஜோடியாக வேலை பார்க்கிற ஒருவர் இருந்தார், எப்போதும் மூக்கு ஒழுகிக்கொண்டே இருப்பதால் சளியன் என்று பெயர். அவர் வீட்டுக்கே வந்து அக்காவிடம் சொல்லிவிட்டுப் போனார்.

"பழைய ஆளு திரும்பி வந்துட்டாருக்கா. கொஞ்சம்கூட நடுங்கறதில்ல. நாங்கல்லாம் ரெண்டு தடவை வெளிய வந்துட்டுப் போறோம், அண்ணன் அசையாம உக்காந்திருக்காரு."

அக்காவின் முகத்தில் அன்று வந்த சந்தோஷத்தை நான் பார்த்தேன். கஞ்சி வேலை செய்கிறது என்றாள். மாடிவீட்டுக்காரிக்கு இனிப்பு கொடுத்தாள், அந்த அம்மாள் சர்க்கரை விஷம் என்பதை மறந்து ரெண்டு எடுத்துக்கொண்டாள். மறுநாளிலிருந்து டின் பவுடர் மூன்று ஸ்பூன் ஆயிற்று.

உடம்பு நடுங்குவது குளிரோடு சண்டை போடுவதற்காக. சண்டை போடத் தெம்பு இல்லாத உடம்பு நடுங்காது. இதைப் பின்னால் ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். நடுங்காதவனைக் கெட்டிக்காரன் என்று கொண்டாடுகிற ஓர் இடத்தில், நின்றுபோன நடுக்கத்தை யார் சந்தேகப்படுவார்கள்? வேறு எங்கே வேலை பார்த்திருந்தாலும் யாராவது ஒருத்தர் என்ன ஆயிற்று என்று கேட்டிருப்பார்கள். அங்கே முதுகில் தட்டிக் கொடுத்தார்கள்.

அது நடந்தது ஒரு சாதாரண முற்பகல். மீன் பெட்டிகள் வந்திருந்தன. இரண்டு அடுக்குகளுக்கு நடுவே ஃபோர்க்லிஃப்ட் நின்றிருந்தது. என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது, பெட்டிகள் பாதி உயரத்தில் தூக்கிய நிலையில் இருந்தன. அத்தான் சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார், கண் பாதி திறந்திருந்தது. சளியன் அந்தப் பக்கம் போனவர், என்னண்ணே என்று கேட்டிருக்கிறார். கொஞ்ச நேரம் கழித்து, "வரேன்" என்று பதில் வந்திருக்கிறது. நடுங்கவில்லை, பேசுகிறார், சரி, யோசிக்கிறார் போல என்று சளியன் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார். அடுத்த லோடை இறக்கிவிட்டு வந்தபோது அத்தானின் தலை ஸ்டியரிங் மேல் கிடந்தது. குல்லாயின் ஓரத்தில் மூச்சு பட்டு உறைந்திருந்தது. ஆனால் தொட்டுப் பார்த்தபோது மூச்சே தெரியவில்லை என்று சொல்லி, அந்த மனுஷன் என் முன்னால் குழந்தை மாதிரி அழுதார்.

ஆஸ்பத்திரியில் போட்ட முதல் தெர்மாமீட்டர் ஒன்றும் காட்டவில்லை. கெட்டுப்போய்விட்டது என்று நினைத்து நர்ஸ் வேறொன்று கொண்டுவந்தாள். அதுவும் காட்டவில்லை. இதயம் துடிக்கிறதா என்று பார்க்க ரொம்ப நேரம் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டார்கள். ஐ.சி.யூ. கண்ணாடிக்கு வெளியே அக்கா நின்றாள். கையில் பள்ளிச் சாவிக்கொத்து. மணி அடிக்க யாரிடமும் சொல்லாமல் வந்துவிட்டேன் என்று ஒரு தடவை சொன்னாள்.

மறுநாள் பெரிய டாக்டர் எங்களைத் தேடி வந்தார். நடுத்தர வயதுப் பெண். ரத்தத்தைப் பார்த்தால் இவர் வாழ்நாளில் தைராய்டு மாத்திரையே சாப்பிட்டதில்லை போல இருக்கிறது என்றார். அக்கா சீறிவிட்டாள். ஒரு வருஷமாக ஒரு நாள் விட்டதில்லை, சாட்சிக்கு இவளைக் கேளுங்கள் என்று என்னைக் காட்டினாள். நானும் ஆமாம் என்றேன். டாக்டர் கோபப்படவில்லை. எப்படிக் கொடுத்தீர்கள் என்று மட்டும் கேட்டார்.

அக்கா சொன்னாள். சோயாப் பால், தவிடு, பவுடர் எத்தனை ஸ்பூன், எவ்வளவு நேரம் கொதிக்க வைப்பது, மாத்திரையை எந்த நேரத்தில் கலப்பது, எல்லாம் ஒன்று விடாமல் சொன்னாள். சொல்லும்போது அவள் குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. கேட்டு முடித்ததும் அந்த டாக்டர் அக்காவின் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தார். டாக்டர்கள் உட்கார்ந்து பேசினால் நல்ல சேதி இல்லை என்று எனக்குத் தெரியும்.

"நீங்க கொடுத்தது உண்மைதான்மா. ஆனா அது அவர் உடம்புல சேரவே இல்ல. சோயா, தவிடு, சுண்ணாம்புச் சத்து, இரும்பு, இது எல்லாமே அந்த மாத்திரையைச் சேர விடாது. வெறும் தண்ணியில குடுத்துட்டு, கஞ்சியை ஒரு மணி நேரம் கழிச்சு, பவுடரை மத்தியானத்துக்கு மேல குடுத்திருந்தா ஒண்ணும் ஆயிருக்காது."

அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழுவாள் என்று நான் அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன். அவள் அழவில்லை.

"அப்போ கோஸ்?" என்று கேட்டாள்.

டாக்டருக்குப் புரியவில்லை. நான் விளக்கினேன்.

"சமைச்ச கோஸ் தாராளமா சாப்பிடலாம்மா. அதனால எதுவும் இல்ல."

"ஒரு வருஷமா எங்க வீட்டுல கோஸ் வாங்கல டாக்டர்" என்றாள் அக்கா. "அவருக்கு ரொம்பப் பிடிக்கும்."

 அந்த டாக்டர் சட்டென்று எழுந்து போகவில்லை, கொஞ்ச நேரம் எங்களோடு உட்கார்ந்திருந்தார். மாடிவீட்டுக்காரியைப் போய் நாலு கேள்வி கேட்கணும் என்று எனக்கு வெறி வந்தது. கேட்டு என்ன ஆகப் போகிறது? அந்த அம்மாள் விலக்கச் சொன்னதால் ஒன்றும் கெடவில்லை. கெட்டது நாங்கள் அன்பாகச் சேர்த்ததால்.

ஊசி மருந்தும் போர்வையுமாக மெல்ல மெல்லச் சூடேற்றினார்கள். ஒரு நாள் கண் திறந்தார். பிறகு வார்டுக்கு மாற்றினார்கள். உயிர் தப்பியது, இதயமும் தேறிவிடும், குளிர்கிடங்கு வேலை இனி கிடையாது என்றார்கள். மூளை விஷயத்தில் மட்டும் யாரும் வாக்குக் கொடுக்கவில்லை. ரொம்ப நாள் இப்படியே இருந்துவிட்டார், நினைவு திரும்பலாம், கொஞ்சம் திரும்பாமலும் போகலாம் என்றார் டாக்டர். அத்தானுக்கு எங்களைத் தெரிகிறது. தன் வேலை தெரிகிறது. புதிதாகச் சொல்வதுதான் நிற்பதில்லை. முந்தின நாள் பேசியது மறுநாள் காலையில் இருக்காது.

அவரிடம் இதைச் சொல்ல வேண்டாம் என்று நான் அக்காவுக்கு எவ்வளவோ சொன்னேன். தெரிந்து என்ன செய்யப் போகிறார், நல்லபடியாக எழுந்து நடந்தால் போதாதா என்றேன். அவள் கேட்கவில்லை. ஒளித்து வைத்துக்கொண்டு அந்த முகத்தைப் பார்க்கத் தன்னால் ஆகாது என்றாள்.

வார்டுக்கு வந்த முதல் நாள் காலையில் நர்ஸ் வந்து வெறும் தண்ணீரில் மாத்திரையைக் கொடுத்தாள். அத்தான் குமட்டிக்கொண்டே விழுங்கினார், கண்ணில் தண்ணீர் வந்தது. அக்கா சுவரோடு சுவராக ஒட்டி நின்றுகொண்டிருந்தாள். நர்ஸ் போனதும் அவர் அக்காவைத் தேடி மெதுவாகத் தலையைத் திருப்பினார்.

"கஞ்சி எங்க?"

"இனிமே அது கிடையாதுங்க."

நெடுநேரம் யோசித்தார்.

"ஏன்? என் மேல கோவமா?"

அக்கா கட்டிலில் உட்கார்ந்து, அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, எல்லாவற்றையும் சொன்னாள். ஒன்றும் மழுப்பவில்லை. நான்தான் கொடுத்தேன், என்னால்தான் இப்படி ஆயிற்று என்றாள். அவர் கேட்டார். கடைசியில், "தெரியாமத்தானே குடுத்த" என்று அவள் தலையைத் தொட்டார். அன்று அவள் அழுத அழுகைக்கு வார்டே திரும்பிப் பார்த்தது. அதோடு முடிந்தது, பாரம் இறங்கியது என்று நான் நினைத்தேன்.

மறுநாள் காலையில் மாத்திரை விழுங்கிவிட்டு, அத்தான் தலையைத் திருப்பி, கஞ்சி எங்கே என்று கேட்டார். கோபமா என்று அதே முகத்தோடு கேட்டார். அக்கா முதலிலிருந்து சொன்னாள். அதற்கு அடுத்த நாளும் கேட்டார். எல்லா நாளும் தலையைத் தொடுவதில்லை. ஒருநாள் கேட்டுவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். இன்னொரு நாள், வேண்டுமென்றே செய்தாயா என்று கேட்டார். எந்தக் காலை எந்த முகம் வரும் என்று தெரியாமல் அக்கா விடிவதற்கு முன்பே குளித்து, தலை வாரி, கட்டில் ஓரத்தில் தயாராக உட்கார்ந்திருக்கிறாள்.

இன்று பார்க்கப் போனபோது அவள் பாதியாக இளைத்திருந்தாள். நாளைக்குக் காலையில் நான் வந்து அவருக்குச் சொல்கிறேன், இல்லையென்றால் ஏதாவது பொய் சொல்லிச் சமாளிக்கிறேன், நீ வீட்டுக்குப் போய்க் கொஞ்சம் தூங்கு என்றேன்.

"வேண்டாம்டி" என்றாள். "அவர் என்னைத்தானே கேக்கறார்."